அடுத்த சாம்பிள் எப்போது?

பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஆலையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மணிக்கு ஒருதடவை ஐந்து பீஸ் எடுத்து அளக்கிறோம். நீளம் சரி, எடையும் சரி. ஆனாலும் சரக்கு திரும்பி வருகிறதே?"

அளவுகளைப் புள்ளிகளாக வைத்து எல்லை தாண்டுகிறதா என்று பார்க்க 1924-இல் வால்டர் ஷூஹார்ட் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட் அவருக்குப் பழக்கமானதுதான். சிக்கல், அது ஒரு சமயத்தில் ஒரு அளவை மட்டும் பார்ப்பதில் இருக்கிறது. நீளம் கூடினால் எடையும் கூடுவது இயல்பு. ஒரே பீஸில் நீளம் சற்றே கூடி எடை சற்றே குறைந்தால், இரண்டும் தத்தம் எல்லைக்குள் இருப்பதால் இரண்டு சார்ட்டும் வாய் திறக்காது. அந்தப் பீஸை அறுத்துப் பாருங்கள். உள்ளே குமிழி இருக்கலாம்.

ஹெரால்ட் ஹோட்டெல்லிங் 1947-இல் இதற்கு வழி சொன்னார். விமானத்திலிருந்து குண்டுவீசக் குறிபார்க்கும் கருவிகளின் சோதனைதான் அவர் காட்டிய உதாரணம். எல்லா அளவுகளையும் அவற்றுக்குள் உள்ள உறவையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்; அதுதான் டி-ஸ்கொயர். அதற்குள் இருக்கும் தூரக்கணக்குக்கு நம் புள்ளியியலாளர் மகலனோபிஸின் பெயர்.

என்னை மிகவும் ஈர்ப்பது இதற்குப் பின்னால் வந்த யோசனை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கிறோம். ஆடை விளிம்பில் அசைந்ததும் அங்கிருந்து நகர்வதில்லை. சார்ட்டும் அப்படி இருந்தால் என்ன? அபாயக் கோட்டுக்குக் கீழே ஓர் எச்சரிக்கைக் கோடு போடுங்கள். புள்ளி அதற்குக் கீழே விழுந்தால் அடுத்த சாம்பிளை நிதானமாக எடுக்கலாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுந்தால் சீக்கிரம் எடுக்க வேண்டும், அல்லது கூடுதல் பீஸ் எடுக்க வேண்டும். இதில் இடைவெளியை மாற்றும் முறையை 1988-இல் ரெனால்ட்ஸும் சகாக்களும் ஒற்றை அளவுக்குக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறகு டி-ஸ்கொயருக்கும் வந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது சராசரியாக அளக்கும் எண்ணிக்கை கூடாமலே, மெல்ல நழுவும் சின்னப் பழுதுகள் முன்னதாக மாட்டுகின்றன. பெரிய பழுதைப் பழைய முறையே பிடித்துவிடும்.

பல ஆலைகளில் ஷிஃப்ட் முடியும்போது சார்ட்டை மொத்தமாக நிரப்புகிறார்கள், ஆடிட்டுக்காக. இது எனக்குப் பெரும் வருத்தம். நேரம் மாறும் சார்ட்டில் அந்த வேலை நடக்காது. இந்தப் புள்ளியை இப்போதே வைத்தால்தான் அடுத்தது எப்போது என்பதே தெரியும். அளப்பவரின் கையில் முடிவைக் கொடுக்கும் சார்ட் இது. அவரை நம்பிப் பயிற்சி கொடுக்க நிர்வாகம் முன்வர வேண்டும்.

வாசகருக்கு ஒன்று: மோல்டு மாற்றியதும் குறுகிய இடைவெளியிலேயே தொடங்குங்கள். டி-ஸ்கொயர் எல்லை தாண்டினால் குற்றவாளி நீளமா எடையா என்று அது சொல்லாது. அதற்கு அந்தப் பழைய இரண்டு சார்ட்டையும், அவை எல்லைக்குள்ளேயே இருந்தாலும், எது கூடியது எது குறைந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.