மூடு என்று உத்தரவிடும் நொதி

சித்திரை வெயிலில் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக் காடுகளை உச்சிவேளையில் பார்த்தால், காலையில் சூரியனை நோக்கி விரிந்திருந்த இலைகள் தொங்கிக் கிடக்கும். தண்ணீரைக் காப்பாற்ற மரவள்ளி செய்யும் ஏற்பாடு அது. இன்னொரு ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாது. இலையின் அடிப்பக்கத்து நுண்துளைகளைச் செடி மூடிவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும், காற்று வறண்டாலே மரவள்ளி துளைகளை மூடும் என்று கொலம்பியாவின் சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் 1980-களில் காட்டியது.

மண் காயும்போது 'மூடு' என்ற உத்தரவைச் செல்லுக்குள் கொண்டுபோவது யார்? புரத கைனேஸ் என்ற நொதிகள். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டுவதுதான் இவற்றின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும், வேலையும் மாறும். பாஸ்பேட்டேஸ் என்ற நொதி அதைக் கழற்றினால் பழைய நிலை திரும்பும். தசையில் இதைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செடியில் நடப்பதை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை வைத்துத்தான் விரிவாகப் படித்தார்கள். மரவள்ளியிலும் இதே நொதிக் குடும்பம் உண்டு. ஈரம் இருக்கும் நாளில், துளையைச் சூழ்ந்த காப்புச் செல்களில் ஓஎஸ்டி-1 என்ற கைனேஸை ஒரு பாஸ்பேட்டேஸ் அடக்கியே வைத்திருக்கும். வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். அது தன் ஏற்பிப் புரதத்தில் போய் உட்கார்ந்ததும், அந்த ஏற்பி பாஸ்பேட்டேஸை முடக்கிவிடும். இந்த ஏற்பிகள் அகப்பட்டது 2009-ல்தான். விடுபட்ட கைனேஸ், செல்சவ்வில் உள்ள ஸ்லாக்-1 என்ற வாயிலில் பாஸ்பேட்டை ஒட்டும். வாயில் திறந்து குளோரைடு போன்ற அயனிகள் வெளியேறும். பின்னாலேயே பொட்டாசியம் போகும், தண்ணீரும் போகும். காற்று இறங்கிய சைக்கிள் டியூப் போலக் காப்புச் செல்கள் தளர, துளை மூடிக்கொள்ளும். எல்லாம் சில நிமிடங்களில்.

இந்தக் கைனேஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில, உட்கருவில் வறட்சிக்கால மரபணுக்களையும் தூண்டிவிடும்.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது. வராவிட்டால் மாவுச்சத்து சேராது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் கிழங்கை எடுப்பதே மாவுச்சத்தின் அளவைச் சொல்லும் 'பாயிண்ட்' பார்த்துத்தான். செடி பிழைத்துவிட்டது என்பதால் விளைச்சலும் பிழைத்தது என்று அர்த்தமில்லை. நட்ட முதல் ஐந்து மாதத்தில் வரும் வறட்சிதான் மரவள்ளியை அதிகம் பாதிக்கிறது. கிணற்றில் தண்ணீர் குறைவென்றால் அதை அந்த மாதங்களுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்தால், புது இலை விடுவதற்குச் செடி கிழங்கில் சேர்த்த மாவைத்தான் எடுத்துச் செலவழிக்கும். காடு பச்சைபிடித்தது என்று உடனே வெட்டினால் பாயிண்ட் இறங்கும். இலைகள் மறுபடி உழைத்துக் கிழங்கை நிரப்ப அவகாசம் கொடுத்து வெட்டுவதே லாபம்.