ஆறு உயிரும் ஒரு சிவப்பு வராந்தாவும்

'ரோல் பிளேயிங் கேம்' என்றதும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைச்சுடாதீங்க. நான் சொல்வது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள். உடைந்ததா, தோள்பட்டை போனதா என்பதைப் பகடை சொல்லும்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் எழுதி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கு முன்னோடி. மூன்று பகடை உருட்டி பலம், அறிவு என்று ஆறு குணங்களுக்கு எண் போடுவார்கள். அந்த முதல் புத்தகப்படி குள்ளர் இனத்தான் போர்வீரனாக மட்டுமே ஆகலாம், அதுவும் 6-ஆம் நிலை வரைதான். மனிதனுக்கு அந்த வரம்பு கிடையாது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்று ஆக்கினார்கள். மெக்கானிக்கல் கேட்டு, மார்க் பத்தாமல் எலெக்ட்ரானிக்ஸ் வந்தவன் நான். குள்ளன் மேல் எனக்கு ஒரு பாசம்!

ஆனால் கட்டுப்பாட்டையே காமெடியாக்கிய விளையாட்டு ஒன்று இருக்கு. 1984-ல் வந்த 'பாரனாயா'. பூமிக்கடியில் ஒரு நகரம், அதை ஆள்வது பைத்தியம் பிடித்த கம்ப்யூட்டர். ஆளுக்கொரு நிறம்தான் அந்தஸ்து. கறுப்பில் ஆரம்பித்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறி வெள்ளையில் முடியும் (நம்ம ரெசிஸ்டர் கலர் கோடு மாதிரியே!). ஆட்டக்காரர்கள் எல்லோரும் சிவப்பு. ஆரஞ்சு வராந்தாவில் கால் வைத்தால் துரோகம். ரகசிய சங்கத்தில் இருந்தால் துரோகம், உடம்பில் விசேஷ சக்தி இருந்தால் துரோகம். வேடிக்கை என்னன்னா, எல்லோருக்கும் இந்த இரண்டுமே உண்டு! விளையாட்டின் விதி தெரியும் என்று காட்டிக்கொண்டாலும் துரோகம்தான். செத்தால் அதே ஆளின் நகல் வரும், மொத்தம் ஆறு உயிர். அதனால் சாவுக்கும் சிரிக்கலாம்.

எங்க ஹாஸ்டலில் முதலில் டிராகன் கதைதான் ஆடினோம். என்னை மாதிரியே வீட்டில் முதலில் படிக்க வந்த ஒரு நண்பன். இங்கிலீஷ் தடுமாறும். வீரனாக ஆசைப்பட்டவனுக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் கோமாளி வேஷம் கொடுத்தோம். அவன் பேசினால் சிரித்தோம், நானும்தான். மூணாவது வாரம், "ரெக்கார்டு எழுதணும்டா" என்று வராமல் நின்றுவிட்டான். அவன் ரெக்கார்டு முடித்து கையெழுத்து வாங்கியாச்சு என்பது எனக்குத் தெரியும்.

பிறகு பாரனாயா ஆட அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இதில் கோமாளி என்று தனியாக ஒருத்தன் இல்லை. எல்லோரும் அதே சிவப்பு வராந்தாவில் நடுங்கிக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் போட்டுக்கொடுக்கிறவர்கள். என் முதல் உயிரைக் காட்டிக்கொடுத்தது அவன்தான். அன்று அவன் சிரித்த சிரிப்பில் வார்டன் எழுந்து வந்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டராக உட்காருவது அவன். போன வாரம் அரை மணி நேரத்தில் எனக்கு நாலு உயிர் போச்சு.