முதலாண்டு மாணவரும் பெற்றோரின் துணையும்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்துசேரும் நாள் எந்தக் குடும்பத்திற்கும் பெருநாளே. ஆயினும் பார்வையிலோ, செவிப்புலனிலோ, நடையிலோ குறையுடைய பிள்ளையின் வீட்டில் மகிழ்ச்சியோடு அச்சமும் உடன் நுழைகின்றது. ஹல்துமுல்லைத் தோட்டங்களில் இவ்வச்சம் பெரிது. லயத்திலிருந்து பெருந்தெருவை அடையவே மேடும் பள்ளமும் கடக்கவேண்டும். பேராதனையோ கொழும்போ அதற்கப்பால் நெடுந்தொலைவு. இதுகாறும் தாய் கைப்பிடித்தாள். தமையன் புத்தகப் பை சுமந்தான். இனி யார் துணை? "வீட்டோடு இருக்கட்டுமே" என்னும் சொல் பாசத்தினாலேயே பிறக்கின்றது. ஆனால் அச்சொல் பிள்ளையின் எதிர்காலத்தையே அடைத்துவிடக் கூடும்.

இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாகக் கல்வி நிலைய அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என விதித்தது. உயர்கல்வியிலும் தகுந்த வசதி வேண்டும் என்னும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் நம் நாடு ஏற்று உறுதிசெய்தது. ஆகவே, விடுதியில் கீழ்த்தளத்து அறையும் பரீட்சையில் மேலதிக நேரமும் கேட்பது இரத்தல் அன்று.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? விரிவுரைகள் தொடங்குமுன்னரே, மருத்துவச் சான்றின் பிரதியோடு, தேவைகளைப் பல்கலைக்கழகத்திற்கு எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். இயலுமாயின் முன்கூட்டியே ஒருமுறை அழைத்துச் சென்று விடுதி, நூலகம், விரிவுரை மண்டபம் ஆகியவற்றின் வழிகளைப் பழக்குங்கள். பஸ் ஏறுதல், துணி துவைத்தல், செலவைக் கணக்கிடுதல், கூசாது உதவி கேட்டல் ஆகியவற்றை இன்றே வீட்டில் தொடங்கலாம்.

பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் 1904 இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆசிரியை ஆன் சலிவன் விரிவுரைகளை அவரது உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். பரீட்சைகளை ஹெலனே எழுதினார். துணை எதுவரை செல்லலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

முதற் சில மாதங்களில் தனிமை வாட்டும். பகிடிவதையும் நேரலாம், அதனை 1998 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. பிள்ளை துயருற்றுப் பேசும்போது "திரும்பி வந்துவிடு" என்று அவசரப்படாதீர்கள். இடர் எதுவெனப் பொறுமையாகக் கேளுங்கள். யாரிடம் முறையிடலாம் எனச் சேர்ந்து ஆராயுங்கள். தேவையெனில் நேரிற் சென்று உடன் நில்லுங்கள். பேசும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். பட்டம் பெற்றபின் அப்பிள்ளை தனித்து நடக்கவேண்டிய வழி இன்னும் நீண்டதன்றோ?