பைல் கேப் எதுக்கு இவ்வளவு கனம்?

முத்தியால்பேட்டையில் கடல் பக்கமாக வீடு கட்டும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பைல்தான் முப்பது அடி கீழே போயிடுச்சே, மேல வர்ற கேப் எதுக்கு ரெண்டரை அடி கனம்? மேஸ்திரி ஒரு அடி குறைக்கலாங்கிறார். குறைச்சா என்ன?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், பைல் எதற்கு? சாதாரண ஃபூட்டிங் தன் அடியிலும் பக்கத்திலும் இருக்கிற மண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் தோண்டினால் அந்தப் பிடி தளரும். 2024 ஜனவரியில் ஆட்டுப்பட்டியில், உப்பனாறு வாய்க்கால் ஓரம், குடிபுகக் காத்திருந்த மூன்று மாடி வீடு சரிந்து விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலில் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. நல்லவேளையாக ஆள் சேதம் இல்லை. நண்பர் பைலுக்குப் போனதற்கு அந்த வீடியோவும் ஒரு காரணம். பைல், மேல் மண்ணைத் தாண்டி ஆழத்தில் இருக்கும் கெட்டி மண்ணிடம் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. அவர் வீட்டில் ஒரு பில்லருக்கு இரண்டு பைல். பில்லர் நிற்பதோ இரண்டுக்கும் நடுவில். அதற்கு நேர் கீழே பைல் கிடையாது, வெறும் மண்தான். அந்த மண்ணை டிசைனில் நம்புவதும் இல்லை. நடுவில் இறங்கும் சுமையை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுப்பதுதான் கேப்பின் வேலை.

எப்படிப் பிரிக்கிறது? கேப்புக்குள் ஒரு முக்கோணத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. பில்லர் அடியிலிருந்து ஒவ்வொரு பைல் தலைக்கும் சாய்வாக ஒரு கான்கிரீட் கால் இறங்குகிறது. அது அழுத்தத்தைத் தாங்கும். காலை அகட்டி வைத்த ஏணி வழுக்குகிற மாதிரி, இந்த இரண்டு கால்களும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். விலகாமல் இழுத்துப் பிடிப்பது அடியில் கிடக்கும் கம்பி.

இனி கணக்கு. பைல் விட்டம் 400 மி.மீ. இடைவெளி விட்டத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 1200 மி.மீ. பில்லர் சுமை 60 டன் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 டன். பில்லர் மையத்திலிருந்து பைல் மையம் 600 மி.மீ. தள்ளி இருக்கிறது. கேப்பின் பயனுள்ள ஆழமும் (மேல் முகத்திலிருந்து அடிக் கம்பி வரை) 600 மி.மீ. என்றால் சாய்வு சரியாக 45 டிகிரி. கம்பியில் இழுவை 30 × 600 ÷ 600 = 30 டன்.

இப்போ ஒரு அடி, அதாவது 300 மி.மீ. குறைங்க. இழுவை 30 × 600 ÷ 300 = 60 டன். ரெட்டிப்பு! 16 மி.மீ. கம்பி (எஃப்இ 500) 6 போதும் என்றிருந்த இடத்தில் 11 வேண்டும். கம்பியைக் கூட்டினாலும் தீராது. சாய்வு 27 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அவ்வளவு படுத்த கால் சுமையை நேராகக் கடத்தாது, கேப் ஒரு மெல்லிய பீம் மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கும். ஷியரில் அது முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கலாம், அதுவும் மண்ணுக்கடியில், யார் கண்ணிலும் படாமல். இதில் மிச்சமாவது எவ்வளவு தெரியுமா? 1.9 மீட்டர் நீளம், 0.7 மீட்டர் அகலம் உள்ள கேப்பில் வெறும் 0.4 கன மீட்டர் கான்கிரீட்.

கம்பியை நடுவில் மட்டும் போட்டு ஓரத்தில் நிறுத்துவதும் தப்பு. பீமில் இழுவை நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. இங்கே பைல் தலை வரைக்கும் அதே 30 டன் ஓடும். அதனால் கம்பி பைலைத் தாண்டிப் போய் மேல்நோக்கி வளைய வேண்டும்.

இன்னொன்று, பைல் இடம் மாறுவது. ஐ.எஸ். 2911 இந்த அளவு பைலுக்கு 75 மி.மீ. கூட விலக அனுமதிப்பதில்லை. பில்லர், பைல்களின் நடுப்புள்ளியிலிருந்து 120 மி.மீ. தள்ளி வந்தால் ஒரு பைலுக்கு 36 டன், மற்றதுக்கு 24. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை, கேட்காமலே ஏறிவிட்டது. இது நீளவாக்கில். குறுக்குவாக்கில் நகர்ந்தால் இரண்டு பைல் கேப்புக்குப் பிடிமானமே கிடையாது, கவிழப் பார்க்கும். அதனால்தான் குறுக்கே பீம் போட்டுப் பக்கத்துக் கேப்போடு கட்டுகிறார்கள்.

கான்கிரீட் போடும் முன் நீங்களே பார்க்கக் கூடியவை சில: பைல் தலையில் இருக்கும் சேறு கலந்த நொய்ந்த கான்கிரீட்டை நல்ல கான்கிரீட் தெரியும் வரை கொத்தி எடுத்திருக்க வேண்டும். பைல் 50 மி.மீ. கேப்புக்குள் நுழைந்திருக்க வேண்டும், அதன் கம்பிகளை வெட்டக் கூடாது. அடியில் பி.சி.சி. இருக்க வேண்டும். கடலோரம் என்பதால் குறைந்தது எம் 30 கான்கிரீட், 60 மி.மீ.க்குக் குறையாத கவர். உப்புத் தண்ணீர் கம்பியைத் தொட்டுவிட்டால் மேலே சொன்ன 30 டன்னைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. பைல் விலகியிருந்தால் மண் மூடுவதற்கு முன் அளந்து எஞ்சினியரிடம் சொல்லுங்க. கேப்பை மாற்றி டிசைன் பண்ண அப்போது வழி இருக்கு, வீடு எழுந்த பிறகு இல்லை.