பழவேற்காட்டில் ஹிப்-ஹாப் ஷூட்: பிரேமுக்குள் யார், வெளியே யார்?

2021 ஆகஸ்ட். ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டைப்படம் வெளியானது. பாடகி தீ, கனடாவில் வாழும் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பால் இருவரும் அதில் இருந்தார்கள். ‘எஞ்சாயி எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய பாடல்களை ஒட்டி வந்த அட்டை அது. இரண்டு பாடல்களிலும் வரிகளுக்குச் சொந்தக்காரரான அறிவு மட்டும் படத்தில் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் ட்விட்டரில் இதைக் கேள்வி கேட்டார். சமூக வலைதளங்களில் விவாதம் பற்றிக்கொண்டது. சில நாள்களில் அறிவு இடம்பெற்ற டிஜிட்டல் அட்டையும் வந்தது.

ஒரு போட்டோவுக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ஆனால், ஹிப்-ஹாப்பில் போட்டோ வெறும் அலங்காரம் அல்ல. ‘நான் யார், எந்த ஊர், என் கூட யார்’ என்பதைச் சொல்வதே அதன் வேலை. லொகேஷனையும் உடையையும் தேர்ந்தெடுக்கும்போதே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது.

இப்போது ஒரு தமிழ் ஹிப்-ஹாப் இதழுக்கு நீங்கள் ஷூட் பிளான் செய்வதாக வைத்துக்கொள்வோம். லொகேஷன், பொன்னேரியை அடுத்த பழவேற்காடு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஊர் ஏன் இவ்வளவு முக்கியம்?

1998-ல் ‘எக்ஸ்எக்ஸ்எல்’ இதழுக்காக நியூயார்க்கின் ஹார்லெம் தெரு ஒன்றில் 177 ஹிப்-ஹாப் கலைஞர்களை ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தார் கார்டன் பார்க்ஸ். 1958-ல் ஜாஸ் கலைஞர்களை ஆர்ட் கேன் படம் எடுத்த அதே வீட்டு வாசல். ‘அவர்களின் வாரிசுகள் நாங்கள்’ என்று ஒரு வரிகூட எழுதாமல் அந்த இடமே சொல்லிவிட்டது.

நம் பக்கமும் உதாரணம் உண்டு. 2017-ல் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கர்நாடக இசைதான், ராப் அல்ல. ஆனால், டி.எம்.கிருஷ்ணா அதை சபா மேடையில் பாடிப் படம் எடுக்கவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் போய் நின்று பாடினார். பாட்டு எதைப் பற்றியதோ, அங்கேயே கேமரா போனது. அந்த எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளியைத் தாண்டினால் பழவேற்காடு.

எந்த நேரம், எந்தப் பக்கம்?

கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. பழவேற்காடு ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சூரிய உதயம் வேண்டுமா, கடற்கரை. மாலை வெயில் வேண்டுமா, ஏரிக்கரை. ஒரே நாளில் இரண்டு ‘லுக்’ முடிக்கலாம்.

ஆனால், அதிகாலை என்பது கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பும் நேரமும்கூட. மீன் இறங்கும், ஏலம் நடக்கும். நடுவில் ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றால் கெடுவது அவர்களுடைய வியாபாரம். ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்தானே, படகெல்லாம் சும்மாதானே நிற்கும்’ என்றும் கணக்குப் போட வேண்டாம். அந்தத் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். இங்கே அதிகம் ஓடுவது ஃபைபர் படகு.

ஏரி பொது இடம்தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால், இந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நமக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் இடம், அன்றைக்கு ஒரு குடும்பத்தின் முறையாக இருக்கலாம். அது தவறினால் மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் லொகேஷன் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது, “அண்ணே, அன்னைக்கு இந்த இடம் யாரோட பாடு?” என்பதைத்தான். பேசவேண்டிய இடம் ஊர்ப் பஞ்சாயத்து. படகு எடுத்தால் டீசல் காசு மட்டும் போதாது, ஒரு நாள் வருமானத்தையும் சேர்த்துக் கொடுப்பதே நியாயம்.

இன்னொன்று, பாடு உரிமை எல்லாருக்கும் கிடையாது. வலையோ படகோ இல்லாமல், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். ‘மீனவ கிராமம்’ என்று ஒரே ஷாட்டில் காட்டும்போது முதலில் விடுபட்டுப்போவது இவர்கள்தான்.

டச்சுக் கல்லறை ‘செம’ பேக்கிரவுண்டாச்சே?

ஆமாம். வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள், 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள், செதுக்கிய குடும்பச் சின்னங்கள். எந்த ஸ்டைலிஸ்ட்டுக்கும் கை துறுதுறுக்கும். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், ஷூட்டிங்குக்கு முன்அனுமதி கட்டாயம். கல்லறை மேல் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுப்பது யாருக்குமே அழகல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணி மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. சோழமண்டலக் கரையில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி, பழவேற்காடு வழியாக பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அந்த பத்தாவியா. அதிகாரிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்குக் கல் இல்லை.

அமெரிக்காவில் ஹிப்-ஹாப்பை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர், அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள். அந்த இசைக்கான இதழ் இந்தக் கல்லறையை வெறும் ‘விண்டேஜ் லுக்’காகப் பயன்படுத்தினால், சொல்ல வேண்டிய கதையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டதாகிவிடும். கலைஞரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அங்கே நிற்பதா, எப்படி நிற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

என்ன உடுத்துவது?

கைலி கட்டிவிட்டு, தோளில் வலையைப் போட்டால் ‘லோக்கல்’ ஆகிவிடாது, மாறுவேடப் போட்டிதான் ஆகும். ரன்-டிஎம்சி குழு 1980-களில் ஜெயித்தது, தங்கள் தெருவில் போட்ட உடையையே மேடையிலும் போட்டதால். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018-ல் சென்னையில் முதல் நிகழ்ச்சிக்குக் கோட்-சூட்டில் வந்தது. கானா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அந்த உடையே உடைத்தது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான். உடை கலைஞருடைய சொந்தக் கதையிலிருந்து வரணும்.

நடைமுறையில் சில விஷயங்கள்: படகுகளில் நீலமும் பச்சையும் தூக்கலாக இருந்தால் உடையில் மஞ்சள், சிவப்பு எடுபடும். ஏரிக்கரை சேறு, வெள்ளை ஸ்னீக்கர்ஸுக்கு மாற்று ஜோடி தேவை. உப்புக் காற்றில் கேமராவும் சங்கிலி, மோதிரங்களும் கெடும், துடைக்கத் துணி வேண்டும்.

சட்டப்படி எதையெல்லாம் பார்க்கணும்?

• ஏரியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே படம் எடுக்க வனத்துறை அனுமதி தேவை. பூநாரைகள் வரும் குளிர்காலத்தில், ஒரு ஷாட்டுக்காக அவற்றை விரட்டிப் பறக்க வைக்கவே கூடாது.

• ட்ரோன் என்றால் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம். ராக்கெட் ஏவும் நாள்களில் மீனவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு வரும்.

• படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ‘போட்டோவுக்கு நல்லா இருக்காது’ என்று ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லும் ஷாட், தேவையே இல்லாத ஷாட்.

கடைசியாக, கிரெடிட்

போட்டோகிராபர், ஸ்டைலிஸ்ட், மேக்கப் என்று பெயர் போடும் பட்டியலில், சம்மதித்தால் படகுக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் வரட்டும். ‘சென்னை அருகே ஒரு கடற்கரை’ என்று போட வேண்டாம், குப்பத்தின் பெயரையே போடுங்கள். பின்னால் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், இதழ் வந்ததும் அவர்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வையுங்கள்.

2021-ல் அந்த அட்டையைப் பார்த்தவர்கள் கேட்டது, “எழுதினவர் எங்கே?” என்று. உங்கள் படத்தைப் பார்த்து, “எங்க ஊர்ல எடுத்தீங்களே, நாங்க எங்கே?” என்று லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவர் கேட்டால், பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.