பிரதமரின் காதில் ஒரு குரல்: அன்று ஹக்சர், இன்று?

1967-இல் லண்டனில் துணை ஹைகமிஷனராக இருந்த பி.என்.ஹக்சரை, இந்திரா காந்தி டெல்லிக்கு அழைத்துத் தன் செயலாளராக அமர்த்திக்கொண்டார். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள், நாட்டின் பெரிய முடிவுகளில் ஹக்சரின் கை படாதவை அரிது. அவர் தேர்தலில் நின்றதில்லை. மேடையேறி ஓட்டுக் கேட்டதில்லை. ஆனாலும் ஆட்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை எழுதிக்கொடுத்தவர் அவர்.

அந்த நாற்காலிக்கு அவர் வந்த பாதை நீளமானது. 1913-இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அலகாபாத்திலும் லண்டனிலும் படித்தார். வழக்கறிஞராக இருந்து, விடுதலைக்குப் பின் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். நைஜீரியாவிலும் ஆஸ்திரியாவிலும் தூதராக இருந்தார். பிரதமருக்கு யோசனை சொல்ல வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

இன்று அந்தப் பாதை ஒன்றல்ல, பல. தேர்தல் வியூகம் வகுப்பவர், பொருளாதாரப் பேராசிரியர், தனியார் ஆலோசனை நிறுவனத்து இளைஞர் என எல்லோரும் ஆட்சியாளர்களின் அறைக்குள் வருகிறார்கள். 2021 மார்ச்சில் தேர்தல் வியூக வகுப்பாளர் பிரசாந்த் கிஷோர் பஞ்சாப் முதல்வரின் முதன்மை ஆலோசகராக அமைச்சருக்கு இணையான அந்தஸ்துடன் நியமிக்கப்பட்டார். பெயரளவுக்குச் சம்பளம் 1 ரூபாய். ஆகஸ்டில் விலகிவிட்டார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ழான் திரேஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ்.நாராயண் ஆகிய ஐவரைக் கொண்டு முதல்வருக்குப் பொருளாதார ஆலோசனைக் குழுவை அமைத்தது.

இந்த விரிவை நான் மனமார வரவேற்கிறேன். அன்று இந்திராவைச் சுற்றியிருந்த வட்டம் மிகச் சிறியது. ஹக்சர், டி.பி.தர், பி.என்.தர், டி.என்.கௌல், ஆர்.என்.காவ் என எல்லோரும் ஆண்கள்; எல்லோரும் காஷ்மீரப் பண்டிதர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எவ்வளவு அறிவாளிகளாக இருந்தாலும், ஒரே மாதிரி வளர்ந்தவர்கள் கூடிப் பேசினால் சில கேள்விகள் எழவே எழாது. யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி இன்றாவது வெளிப்படையாக எழுகிறது. 2024 ஆகஸ்டில், வெளியிலிருந்து நேரடியாக 45 உயர்பதவிகளுக்கு ஆள் எடுக்க வந்த விளம்பரம், இடஒதுக்கீடு எங்கே என்ற எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் அன்றிருந்த ஒன்று இன்று மெலிந்துவருகிறது. அது, சொன்ன யோசனைக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம்.

வங்கி தேசியமயத்தைப் பாருங்கள். 1969 ஜூலை 16-இல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. தற்காலிகக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி 20-ஆம் தேதி விலகப்போகிறார். 21-இல் நாடாளுமன்றம் கூடுகிறது. அவசரச் சட்டம் வர வேண்டுமானால் அதற்குள் வர வேண்டும். நிதித்துறை அதிகாரி டி.என்.கோஷை நள்ளிரவில் வீட்டிலிருந்து வரவழைத்து வேலையைத் தொடங்கினார் ஹக்சர். 19-ஆம் தேதி 14 வங்கிகள் அரசுடைமையாயின. அந்த அவசரத்துக்கு விலையும் இருந்தது: 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது, அரசு புதிய அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. யார் என்ன சொன்னார், யார் எழுதினார் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆகவே அந்த முடிவை மெச்சவும் முடியும், குறை சொல்லவும் முடியும்.

பாகிஸ்தானுடனான போருக்குப் பின் 1972-இல் சிம்லாவில் நடந்த பேச்சிலும் அப்படித்தான். தோற்ற பாகிஸ்தானை அவமானப்படுத்தினால் அடுத்த போருக்கு விதை போட்டதாகும் என்பது ஹக்சரின் வாதம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. அந்தத் தாராளம் சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எதை வைத்துச் சண்டையிடுவது என்பதாவது தெளிவாக இருக்கிறது.

இந்திராவுக்குப் பிடிக்காததையும் அவர் சொன்னார். மகன் சஞ்சயின் கார்த் தொழிற்சாலைத் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. 1973 தொடக்கத்தில் பிரதமரின் செயலகத்திலிருந்து வெளியேறினார். பிறகு திட்டக்குழுவின் துணைத்தலைவராக இருந்தபோதே, நெருக்கடிநிலைக் காலத்தில், அவர் குடும்பத்தாரின் 'பண்டிட் பிரதர்ஸ்' கடையில் சோதனை நடந்தது. விலைச்சீட்டு இல்லை என்ற குற்றச்சாட்டில் வயதான சித்தப்பா கைதானார். பின்னர், நெருக்கடிநிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா கமிஷன் இதையும் விசாரித்தது.

அதிகாரம் இப்படிப் பாயும் நிலை வந்ததில் ஹக்சருக்கும் பங்குண்டு. அமைச்சகங்களைத் தாண்டிப் பிரதமரின் செயலகத்தில் அதிகாரத்தைக் குவித்தவர்களில் அவர் முதன்மையானவர். குவிந்த அதிகாரம் நல்லவர் கையிலேயே தங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அது அவர் குடும்பத்தின் வாசலுக்கே வந்துவிட்டது.

ஆனாலும் அவர் குறிப்புகள் மிஞ்சின. டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் அவருடைய ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே ஜெய்ராம் ரமேஷ் 2018-இல் அவர் வரலாற்றை எழுதினார். ஹக்சர் தம் நினைவுகளை இளமைப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டவர். அவர் சொல்லாததையும் அவருடைய கோப்புகள் சொல்லிவிட்டன.

இன்று எத்தனையோ யோசனைகள் கைப்பேசிச் செய்தியாகவும் திரையில் காட்டும் விளக்கப்படமாகவும் வந்து போய்விடுகின்றன. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஆனால் பதிவில் இருப்பதைத்தானே கேட்டுப் பெற முடியும்? ஒரு திட்டம் கெட்டுப்போனால் அமைச்சர் தேர்தலில் பதில் சொல்வார், அதிகாரி விசாரணையில் பதில் சொல்வார். யோசனை சொன்னவர் அடுத்த மாநிலத்தில் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பார்.

ஆலோசகர்கள் இன்னும் பலர் வரட்டும். கிராமத்திலிருந்தும், தொழிற்சங்கத்திலிருந்தும், பல்கலைக்கழகத்திலிருந்தும் வரட்டும். ஆனால் அரசுப் பணத்திலோ, அரசு அந்தஸ்திலோ, ஏன் 1 ரூபாய்ச் சம்பளத்திலோ யோசனை சொல்லும் எவரும் அதை எழுதி, பெயர் போட்டு, கோப்பில் சேர்க்க வேண்டும் என்று விதி வேண்டும். முடிவு அமலான சில ஆண்டுகளுக்குள் அந்தக் கோப்பு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஓட்டுக் கேட்காமல் நம்மை ஆள்பவர்களிடம் நாம் கேட்கக்கூடிய மிகக் குறைந்த கணக்கு இதுதான்.