583 உயிர்களும் ஒரு கேள்வியும்

1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவின் சின்ன விமான நிலையம். பக்கத்துத் தீவின் ஏர்போர்ட்டில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்கவேண்டிய விமானங்கள் எல்லாம் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. போதாக்குறைக்குக் கடும் பனிமூட்டம்.

கே.எல்.எம் நிறுவனத்தின் போயிங் 747 ரன்வே முனையில் தயாராக நின்றது. கேப்டன் வான் ஸாண்டன் லேசுப்பட்டவர் இல்லை. அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்கே பயிற்சி கொடுப்பவர். கம்பெனி விளம்பரத்தில் இருப்பதும் அவர் முகம்தான். கன்ட்ரோல் டவர் அனுமதி தருவதற்கு முன்பே விமானத்தைக் கிளப்பிவிட்டார். அதே ரன்வேயில், பனிக்குள், பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 வந்துகொண்டிருந்தது.

ரேடியோவில் கேட்ட பேச்சு ஃப்ளைட் இன்ஜினீயரை உறுத்தியது. பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகியாச்சு என்று அடித்துச் சொன்னார் கேப்டன். இன்ஜினீயர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் பலி. விமான விபத்துகளில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

இன்ஜினீயர் ஏன் இன்னொரு முறை கத்தவில்லை? நம் வீடுகளில் அப்பாவின் கணக்கைத் தப்பென்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வந்திருக்கும்? அதேதான். கப்பல் காலத்திலிருந்தே கேப்டன் என்றால் கடைசி வார்த்தை அவருடையது. தெரிந்தவர் அவர், மற்றவர்கள் கைகள்.

அடுத்த வருடமே, 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் இன்னொன்று. சக்கரத்தில் கோளாறென்று யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமடித்தது. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தில். எரிபொருள் குறைகிறதென்று மற்றவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. டேங்க் காலியாகி விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இதன் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1979-ல் நாசா ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981-ல் யுனைடெட் புதிய பயிற்சியைத் தொடங்கியது. ஜூனியர், தயங்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கேப்டன், காது கொடுக்க வேண்டும். தானாகவே கேட்கவும் வேண்டும். 'எங்களுக்கு இங்கிதம் கற்றுத்தரும் பள்ளிக்கூடமா?' என்று பழைய கேப்டன்கள் கிண்டலடித்தார்கள்.

1989 ஜூலை 19. அதே யுனைடெட்டின் டி.சி-10 விமானத்தில் வால்பக்க இன்ஜின் வெடித்து, ஹைட்ராலிக் குழாய்கள் மொத்தமும் செத்துப்போயின. காரில் ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் போனமாதிரி. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் சக விமானிகளிடம் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவ முன்வந்ததும், காக்பிட்டுக்குள் அழைத்து, மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகக் கட்டுப்பாட்டையே அவர் கையில் கொடுத்துவிட்டார். வலது இன்ஜினைக் கூட்டி, இடதைக் குறைத்துத் திருப்பித் திருப்பி, சூ சிட்டி ரன்வேவரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

ஹெய்ன்ஸ் பிறகு மேடைகளில் இதைச் சொல்வார்: அன்று காக்பிட்டில் எங்கள் அனுபவத்தைக் கூட்டினால் 103 வருடம். ஆனால், அப்படியொரு விமானத்தை இறக்க யாருக்கும் ஒரு நிமிடப் பயிற்சிகூடக் கிடையாது. அப்புறம் அந்த மூன்று பேரைவிட எனக்கு மட்டும் என்ன கூடுதலாகத் தெரிந்திருக்கும்?